மலை ஈரமும் பழைய வானொலிப் பெட்டியும்

மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஓரிரவு தங்கிப் பாருங்கள். காலையில் தீப்பெட்டி நமுத்திருக்கும்; உப்பு நீர்விட்டிருக்கும்; சில நாள் தொடாமல் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்திருக்கும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டோம். காற்று குளிரக் குளிர, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைகிறது. மிஞ்சிய நீராவி மூடுபனியாகி, எல்லாப் பொருள்களின்மீதும் படிகிறது. இதே ஈரம் ஒரு வானொலிப் பெட்டிக்குள் புகுந்தால் என்ன ஆகும்?

இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து, போக்குவரத்து நின்றது. அத்தகைய இரவில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனால், இருபுறமும் பேசக்கூடிய ஒரு சிறு வானொலி உயிர் காக்கும். ஆனால் அது அந்த இரவில் வேலை செய்ய வேண்டுமே!

இத்தகைய கருவிகளில் பலரும் அறிந்தது, சிட்டிசன் பேண்ட் எனப்படும் பொதுமக்கள் அலைவரிசை வானொலி. அமெரிக்காவில் 1958-ல் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 23 தடங்கள் இதற்கு ஒதுக்கப்பட்டன. நம் நாட்டிலோ, 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டப்படி, உரிமமின்றி வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. 2005-ல்தான் இந்த அலைவரிசையில் 5 வாட் வரையிலான கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று விதி செய்யப்பட்டது.

ஈரம் வானொலியைக் கொல்லும் என்ற பாடத்தை உலகம் அதற்கு முன்பே கற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரில் பர்மா, நியூகினி காடுகளுக்குச் சென்ற வயர்லெஸ் கருவிகள் பல, எதிரியின் குண்டு படாமலேயே ஊமையாயின. கம்பிச் சுருள்களில் ஈரம் ஏறியது. காப்புப் பொருளில் பூஞ்சணம் படர்ந்தது. பிறகு உறுப்புகளுக்குப் பூஞ்சணக்கொல்லி கலந்த வார்னிஷ் பூசினார்கள். காற்றுப் புகாமல் மூடினார்கள். 1952-ல் அமெரிக்கா மின்னணுக் கருவிகளின் நம்பகத்தை ஆராய ஒரு குழுவையே அமைத்தது. அதன் அறிக்கை 1957-ல் வெளிவந்தது. நம்பகம் என்பது அதிர்ஷ்டமன்று; அளந்து, சோதித்து, உருவாக்கப்பட வேண்டிய பண்பு என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது.

ஆனால் கடைத்தெரு இப்பாடத்தை எளிதில் மறந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எந்த பங்கில் டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் நிற்கிறது என்று அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் இந்த வானொலியில் பேசிக்கொண்டார்கள். அந்த மோகம் வீடுகளுக்கும் பரவியது. புதிது புதிதாகத் தயாரிப்பாளர்கள் புகுந்தார்கள். 1977 தொடக்கத்தில் தடங்கள் 40 ஆக உயர்த்தப்பட்டதும், 23 தடப் பெட்டிகள் தேங்கின, விலை சரிந்தது. விலைப் போட்டியில் முதலில் பலியாவது எது தெரியுமா? வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத தரம்தான்.

பெட்டியைத் திறந்து பாருங்கள். ஈரத்தை எளிதில் உறிஞ்சாத கண்ணாடி இழைப் பலகைக்குப் பதில், பிசின் ஊட்டிய காகிதப் பலகை இருக்கலாம். பற்றாசு சரியாக உருகி ஒட்டாத இணைப்புகள் இருக்கலாம். மெக்கானிக்குகள் இதை 'டிரை சால்டர்' என்பார்கள். கடையில் போட்டுக் காட்டும்போது அது பேசும். வண்டி குலுங்கும்போதும், பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போதும், அந்த இணைப்பில் வெடிப்பு விழும். தட்டினால் பேசும், விட்டால் நிற்கும் பெட்டி இவ்வாறுதான் பிறக்கிறது.

அடுத்தது மின்பகு மின்தேக்கி. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டிலிருந்து மேட்டூரில் அலுமினியம் எடுத்தார்கள் அல்லவா? இம்மின்தேக்கியின் உள்ளே இருப்பதும் அலுமினியத் தகடுதான். அதன்மேல் படிந்த மிக மெல்லிய ஆக்சைடு படலமே மின்காப்பாக உதவுகிறது. பெட்டியைப் பல ஆண்டுகள் சும்மா வைத்தால் இப்படலம் நலியும். உள்ளிருக்கும் திரவமும் உலரும். எனவே, 'பத்திரமாக எடுத்து வைத்த பெட்டி' பல வேளைகளில் பத்திரமான பெட்டியன்று.

எல்லாப் பழியையும் தயாரித்தவர்மீது போடுவதும் நியாயமன்று. ஏரியலை மாட்டாமல் பேசும் பொத்தானை அழுத்தினால், வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து, அலைபரப்பும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடக்கூடும். அது நம் தவறு.

'அந்தக் காலத்துச் சாமான் இரும்பு மாதிரி' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சற்று யோசியுங்கள். இன்று நம் கண்ணில் படுபவை அந்தக் காலத்தில் கெடாமல் தப்பிய பெட்டிகள் மட்டுமே. கெட்டுப்போனவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. தப்பியவற்றை மட்டும் எண்ணி மொத்தத்தின் தரத்தை முடிவு செய்வது பிழை.

ஆகவே, பழைய பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். விவரம் அறிந்தவரைக் கொண்டு உப்பிய மின்தேக்கிகளை மாற்றச் செய்யுங்கள்; மங்கலான இணைப்புகளில் மறுபடி பற்றாசு வைக்கச் சொல்லுங்கள்; தொடுமுனைகளைத் துடைத்துவிடுங்கள். பிறகு வாரம் ஒரு முறையேனும் அதை இயக்குங்கள். உள்ளே எழும் இளஞ்சூடு ஈரத்தை ஓட்டும்; நலிந்த உறுப்பு எது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பெட்டியின் குறையை வெயில் நாளில் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். மண் சரிந்த இரவில் அது தானாகத் தெரியவரும்போது, சரிசெய்ய நேரம் இருக்காது.