புதுக்கோட்டைச் சின்னப்பாவும் ஒரு ஸ்பெயின் படமும்

விடுமுறைக்கு ஆலங்குடி வந்திருந்த பேரன், ஒரு ஸ்பெயின் நாட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினான். விக்டர் எரிஸே என்பவர் 1973-ல் எடுத்தது. தமிழில் சொன்னால் 'தேன்கூட்டின் ஆவி'. கதை நடப்பது 1940-ல், அந்நாட்டு உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம். ஒரு குக்கிராமத்துக்கு லாரியில் சினிமா வருகிறது. பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடுகிறார்கள். ஊர்ச் சனங்கள் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருகிறார்கள்.

எனக்கு நம் டெண்டுக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தவர்கள்தானே நாம்! அதைச் சொன்னேன். "உங்க பழைய படமெல்லாம் சாமி கதையும் பாட்டும்தானே தாத்தா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. ராத்திரி படுத்து யோசித்தேன்.

அதே 1940-ல் நம் பக்கம் வெளியான படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திரன்'. நாயகன் பி.யு.சின்னப்பா. பி.யு. என்றால் புதுக்கோட்டை உலகநாதன். 1916-ல் நம் புதுக்கோட்டையில் பிறந்து, பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்தவர். பிரெஞ்சு தேசத்து இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அந்தப் படத்தில் அவருக்கு இரட்டை வேடம். பின்னாளில், 1958-ல், அதே பெயரில் சிவாஜி நடித்தார்.

அடுத்த சில வருடங்களில் அவர் நடித்தவற்றைப் பாருங்கள். 1941-ல் 'ஆர்யமாலா', காத்தவராயன் கதை. 1942-ல் 'கண்ணகி', சிலப்பதிகாரம். அதே வருடம் 'மனோன்மணி', சுந்தரம் பிள்ளையின் நாடகம். 1943-ல் 'குபேர குசேலா', புராணம். 1944-ல் 'ஜகதலப்ரதாபன்', மாயாஜாலம். வெளிநாட்டுக் கதை, நாட்டார் கதை, காப்பியம், நாடகம், புராணம், மாயம் என்று ஒரே மனிதரிடம் இத்தனை வகை!

அவரை விட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். 1941-ல் 'சபாபதி' முழுநீளச் சிரிப்புப் படம். 1954-ல் 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். கல்கியின் கதையை கே.சுப்ரமணியம் எடுத்த 'தியாகபூமி' 1939-ல் வந்தது. ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. சாமி படத்துக்கு எதற்குத் தடை?

ஸ்பெயினிலும் இதே கதைதான். பிராங்கோவின் சர்வாதிகாரம் 1975 வரை நடந்தது. தணிக்கை கடுமை. அதற்குள்ளேயே 1953-ல் பெர்லாங்கா ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். பணம் தரப்போகும் அமெரிக்கர்களை வரவேற்க ஒரு கிராமமே வேஷம் கட்டிக் காத்திருக்கிறது. கார்கள் நிற்காமல் போய்விடுகின்றன! தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத்தான் ஒரு காலம் முழுக்க ஒரே நிறமாகத் தெரிகிறது.

சின்னப்பா 1951-ல் போய்விட்டார். வயது 35. நம்மில் பலர் கொட்டகையில் பார்த்தது அவர் காலத்துக்குப் பிறகு சுற்றிவந்த பழைய பிரதிகளை. அந்தப் பிரதிகளும் எல்லாம் தப்பிக்கவில்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று பார்க்கவே கிடைக்காது.

மறுநாள் பேரனைக் கூப்பிட்டு 'ஜகதலப்ரதாபன்' காட்சி ஒன்றைக் காட்டினேன். ஐந்து சின்னப்பாக்கள் ஒரே நேரத்தில் திரையில். ஒருவர் பாட, மற்றவர்கள் பக்கவாத்தியம். "இது கம்ப்யூட்டர் இல்லாமலா தாத்தா?" என்று இரண்டாம் முறை போட்டுப் பார்த்தான்.

நம்மிடம் கேட்காததால் அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். நாம் சொல்லாததுதான் காரணம். நினைவு இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.