கணினி உலகின் இருவகைக் கொடைகள்

கொடையில் இருவகை உண்டு. 'பெற்றதை நீயும் பிறர்க்குக் கொடுக்க வேண்டும்' என்னும் நிபந்தனையோடு கொடுப்பது ஒன்று. 'என் பெயரை மறைக்காதே, மற்றபடி உன் விருப்பம்' என்று கொடுப்பது மற்றொன்று. மூல நிரலைத் திறந்து வைக்கும் மென்பொருள் உலகில் முன்னதைக் காப்பிலெப்ட் உரிமம் என்பர். பின்னதைத் தளர்வான உரிமம் எனலாம். இரண்டில் எது சிறந்தது? நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்திற்கு மாற்றித் தரும் தொகுப்பிகளின் வரலாறு இவ்வினாவுக்கு நல்ல சான்று.

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அதன் சி மொழித் தொகுப்பியான ஜிசிசி 1987இல் வெளிவந்தது. 1989இல் குனூ பொது உரிமம், அதாவது ஜிபிஎல், உருவாயிற்று. இந்நிரலை யாரும் திருத்தலாம், விற்கவும் செய்யலாம்; ஆனால் திருத்தியதைப் பிறருக்கு வழங்கினால் மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ் வழங்கியாக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் வலிமையைக் கொண்டே பகிர்வைக் கட்டாயமாக்கிய புதுமை இது.

இதற்குச் சோதனை விரைவில் வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் 1985இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம், ஜிசிசியோடு ஆப்ஜெக்டிவ்-சி மொழிக்கான பகுதியைச் சேர்த்தது. மூல நிரலை மறைத்து, தொகுத்த கோப்புகளை மட்டும் தந்து, இணைக்கும் வேலையைப் பயனரிடம் விட்டுவிட அது எண்ணியது. உரிமம் அதற்கு இடந்தராது என ஸ்டால்மன் மறுத்தார். நிறுவனம் பணிந்தது, அப்பகுதி அனைவருக்கும் பொதுவாயிற்று. எனினும் அம்மொழி இயங்கத் தேவையான நிரலகத்தை நெக்ஸ்ட் வெளியிடவில்லை. அதைப் பிறர் புதிதாக எழுத நேர்ந்தது. உரிமத்தின் கை எட்டிய தூரம் அவ்வளவே.

இக்காவலுக்கு ஒரு விலையும் இருந்தது. ஜிசிசியின் உட்பகுதிகளை எளிதில் பிரித்தெடுக்க வழிசெய்தால், மூடிய மென்பொருள்களை அதனோடு ஒட்டிவிடுவர் என்று ஸ்டால்மன் அஞ்சினார். ஆதலால் அத்தகைய வாயில்கள் நெடுங்காலம் திறக்கப்படவில்லை. செருகுநிரல் வசதி 2010இல்தான் வந்தது.

இதற்கிடையே 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் அட்வே, கிறிஸ் லாட்னர் ஆகியோர் எல்எல்விஎம் திட்டத்தைத் தொடங்கினர். அதன் உரிமம் தளர்வானது. பகுதிகளைத் தனித்தனியே எடுத்தாளலாம். 2005இல் லாட்னர் ஆப்பிளில் சேர்ந்தார். நெக்ஸ்டை வாங்கியதன்மூலம் ஆப்ஜெக்டிவ்-சியைப் பெற்றிருந்த நிறுவனமும் ஆப்பிளே! அதே ஆண்டில் எல்எல்விஎம்மின் பதிப்புரிமையைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு அளிக்க லாட்னர் முன்வந்தார். அது கைகூடவில்லை. அந்த மடல் தம் கண்ணில் படவேயில்லை என்று 2015இல் ஸ்டால்மன் தெரிவித்தார்.

2007இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தபின், ஆப்பிள் இரண்டாம் பதிப்பின்கீழ் வெளியான கடைசி ஜிசிசியோடு நின்றுகொண்டது. கிளாங் என்னும் தன் புதிய தொகுப்பியை எல்எல்விஎம் மீது கட்டியது. ரஸ்ட், ஜூலியா, சுவிப்ட் ஆகிய மொழிகளும் அந்த அடித்தளத்தையே நாடின. எவரும் கட்டாயப்படுத்தாமலேயே 2015இல் ஆப்பிள் சுவிப்டின் மூல நிரலைத் திறந்தது.

அப்படியானால் காவல் தேவையில்லையா? அவசரப்பட வேண்டாம். என்விடியா நிறுவனமும் தன் கூடா தொகுப்பியை எல்எல்விஎம் மீதே அமைத்தது. தான் சேர்த்ததைத் திறக்கும் கடமை அதற்கு இல்லை. மேலும், எல்எல்விஎம் தொடக்கக் காலத்தில் சி நிரல்களைப் படித்தறிய ஜிசிசியின் முன்பகுதியையே நம்பியிருந்தது. காவலிட்டு வளர்த்த மரத்தின் நிழலில்தான் வேலியில்லாச் செடி வேரூன்றியது.

நெக்ஸ்ட் விரும்பாமல் திறந்தது. ஆப்பிள் விரும்பித் திறந்தது. விருப்பம் உள்ளவரை தளர்வான உரிமம் போதும். விருப்பம் மாறும் நாளில் பயனருக்குத் துணை நிற்பது காப்பிலெப்ட் ஒன்றே. ஆகவே, புதிய மொழியொன்றை உருவாக்கி வெளியிடுவோர் முதலில் தம் அச்சம் எதுவெனத் தெளிய வேண்டும். தம் நிரல் பரவாமற் போய்விடும் என்பதா, பரவியபின் பூட்டப்பட்டுவிடும் என்பதா? உரிமம் அதற்கேற்ப அமையட்டும்.