பிறமொழி நாவில் பிறந்த பாடல்

முன்பின் அறியாத இருவர் உள்ளங்கள் கலந்துவிடும் விந்தையைக் குறுந்தொகையின் 40ஆம் பாடல் பேசுகிறது. பாடிய புலவர்க்கு அவர் சொன்ன உவமையே செம்புலப்பெயனீரார் என்று பெயராயிற்று. அதே விந்தையை இந்தியில் கேட்கும் வாய்ப்பு, முலுண்டிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு 1981இல் கிட்டியது. ‘ஏக் தூஜே கே லியே’ திரைப்படத்தில் இடம்பெற்ற ‘தேரே மேரே பீச் மே’ என்னும் காதற்பாடலே அது.

தமிழ் இளைஞனுக்கும் தெலுங்குப் பெண்ணுக்கும் முகிழ்த்த காதலை, கே. பாலச்சந்தர் 1978இல் ‘மரோ சரித்ரா’ என்னும் தெலுங்குப் படமாக எடுத்தார். மொழிமாற்றம் பெறாமலே அது சென்னையில் 500 நாட்களுக்கு மேல் ஓடியது. அதனையே அவர் இந்தியில் எடுத்தபோது, கோவாவில் இந்தி பேசும் பெண்ணை விரும்பும் தமிழனாகக் கமல்ஹாசன் நடித்தார். பாடலை எழுதிய ஆனந்த் பக்‌ஷி, 1947இல் நாடு பிரிந்தபோது இராவல்பிண்டியிலிருந்து எல்லை கடந்து வந்தவர். பாடிய எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் தாய்மொழியோ தெலுங்கு.

அவருடைய இந்தியில் தென்னாட்டுச் சாயல் தட்டுமே என்று இசையமைப்பாளர்களான லக்ஷ்மிகாந்த் – பியாரேலால் தயங்கினர் என்பர். கதைநாயகன் தமிழன்; அச்சாயல் இருப்பதே பொருத்தம் என்று பாலச்சந்தர் உறுதியாக நின்றாராம். அவ்வாண்டின் சிறந்த பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது இப்பாடலுக்காகவே பாலசுப்பிரமணியத்தை வந்தடைந்தது.

இதன் அருமையை இந்நகரத் தமிழர் நன்கு உணர்வர். 1960களின் பிற்பகுதியில் இங்கே தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. கடைவீதியிலும் அலுவலகத்திலும் நம்மவர் இந்தியைக் கேட்டு நகைத்தோர் உண்டு. அந்நகைப்புக்கு அஞ்சி வாய்மூடி இருந்தோரும் நம்மிடையே உண்டு. நகைப்புக்கு இடமான அதே சாயலைத்தான் நாடு முழுவதும் உருகிக் கேட்டது.

இன்று நிலை மாறிவிட்டது. நம் பிள்ளைகள் இந்தியும் மராத்தியும் தடையின்றிப் பேசுகின்றனர். தமிழ் பேசும்போதுதான் அவர்கள் நா தடுமாறுகிறது. ழகரம் வழுவியதென்று நாம் நகைப்போமாயின், அவர்களும் வாய்மூடிக் கொள்வர். அன்று அந்தப் பாடகரின் நாவுக்குக் கிடைத்த மதிப்பை, நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவுக்கு நாமும் அளிப்போமாக. பிழைபடப் பேசினும் பேசட்டும். பேசப் பேசத் திருந்தும் தமிழ்.