டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602 மார்ச் 20 அன்று நெதர்லாந்தில் தொடங்கப்பட்டு, 1799 டிசம்பர் 31 அன்று உரிமைப் பட்டயம் காலாவதியானதோடு மறைந்த வணிக நிறுவனம். இலங்கைத் தமிழர் இதை ஒல்லாந்தர் கம்பெனி என்பர். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கிலிருந்து மகெல்லன் நீரிணை வரையிலான கடல்களில் டச்சு வணிகம் முழுவதும் இதன் தனியுரிமையாக இருந்தது. கோட்டை கட்டவும், படை திரட்டவும், அரசர்களோடு ஒப்பந்தம் செய்யவும், போர் தொடுக்கவும் பட்டயம் இதற்கு அதிகாரம் அளித்தது. ஆசியர் வேண்டிய சரக்கு ஐரோப்பாவிடம் அதிகம் இல்லாத காலம் அது. அந்நிலையில் ஒரு ஐரோப்பிய நிறுவனம் இரு நூற்றாண்டுகள் ஆசியாவில் எப்படித் தழைத்தது என்ற கேள்விக்கான விடைதான் இக்கம்பெனியின் வரலாறு.

தோற்றம்

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த பின் ஒரு நூற்றாண்டுக்குக் கிழக்குக் கடல்வழி போர்த்துகீசியர் கையில் இருந்தது. கோவாவில் பேராயரின் செயலாளராகப் பணியாற்றிய லின்ஸ்ஹோட்டன் என்னும் டச்சுக்காரர், அவர்கள் மறைத்து வைத்திருந்த வழிகளையும் துறைமுகங்களையும் 1596-இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே கொர்னேலிஸ் டி ஹௌட்மன் தலைமையில் நான்கு கப்பல்கள் ஜாவாவின் பாந்தனுக்குப் புறப்பட்டிருந்தன. போனவர்கள் 249 பேர். 1597-இல் உயிரோடு திரும்பியவர்கள் தொண்ணூறுக்கும் குறைவு. கிடைத்த இலாபமும் சொற்பம். ஆனால் வழி தெரிந்துவிட்டது. 1599-இல் வான் நெக் என்னும் டச்சுக் கப்பல் தலைவர் கொண்டுவந்த மிளகும் கிராம்பும் முதலீட்டைப் பல மடங்காக்கின. அடுத்த சில ஆண்டுகளில் டச்சு நகரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனம் அமைத்து அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்களை அனுப்பின. போட்டியில் ஆசியாவில் கொள்முதல் விலை ஏறியது. ஐரோப்பாவில் விற்பனை விலை இறங்கியது. அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் தலையிட்டு இந்த நிறுவனங்களையெல்லாம் ஒன்றாக இணைத்தார்.

புதிய கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹைசன் ஆகிய ஆறு நகரங்களில் கிளைகள். அவற்றின் பிரதிநிதிகளான பதினேழு இயக்குநர்கள் கொள்கை வகுத்தனர். முதலீடு ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். வீட்டு வேலைக்காரப் பெண்கள்கூடப் பங்கு எடுத்திருந்தார்கள். போட்ட பணத்தைக் கம்பெனியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. ஆனால் பங்கை வேறொருவருக்கு விற்கலாம். ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தை இப்படித்தான் உருவாயிற்று. 1610-இல் வழங்கிய முதல் ஈவுத்தொகை ரொக்கமாக வரவில்லை, சாதிபத்திரியாக வந்தது.

ஆசியாவுக்குள் ஆசிய வணிகம்

ஐரோப்பியக் கம்பளித் துணியை வெப்ப நாடுகளில் வாங்குவார் இல்லை. ஆகவே கப்பல்கள் வெள்ளி நாணயங்களோடு வந்தன. அந்த வெள்ளி ஸ்பானியர் ஆட்சியிலிருந்த தென் அமெரிக்காவின் பொடோசி முதலிய சுரங்கங்களில், பழங்குடியினரின் கட்டாய உழைப்பில் தோண்டப்பட்டது. அதை நெதர்லாந்திலிருந்து எவ்வளவு அனுப்பினாலும் போதவில்லை.

இதற்கு வழி வகுத்தவர் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன். 1619-இல் இயக்குநர்களுக்கு எழுதிய திட்டத்தில் அவர் ஒரு வணிகச் சுற்றை விவரித்தார். குஜராத்தித் துணியைச் சுமத்திராவில் கொடுத்து மிளகும் பொன்னும் வாங்க வேண்டும். சோழமண்டலத் துணிக்குப் பாந்தனில் மிளகு. சந்தனமும் மிளகும் வெள்ளியும் கொடுத்தால் சீனச் சரக்கு. சீனச் சரக்கைக் கொடுத்தால் ஜப்பானிய வெள்ளி. ஆசிய வணிகர்கள் பல தலைமுறைகளாக நடத்திவந்த கொடுக்கல் வாங்கல்தான் இது. அதில் நுழைந்து, அதன் இலாபத்திலேயே ஐரோப்பாவுக்கான நறுமணப் பொருள்களை வாங்குவது கூனின் நோக்கம். அதே 1619-இல் அவர் ஜாவாவின் ஜயகர்த்தா நகரை அழித்து, அந்த இடத்தில் பத்தாவியாவை நிறுவினார். இன்றைய ஜகார்த்தா அதுவே. ஆசியா முழுவதற்குமான கம்பெனியின் தலைமையகம் அங்கே அமைந்தது.

ஜப்பானில் 1609-இல் ஹிராடோவில் பண்டகசாலை திறந்த கம்பெனி, 1641 முதல் நாகசாகியை ஒட்டிய தெஷிமா என்னும் சிறு செயற்கைத் தீவுக்குள் அடங்கி வணிகம் செய்தது. அங்கே நாட்டை ஆண்ட ஷோகுனின் ஆணைக்குப் பணிந்தே நடந்தது. வலிய அரசு இருந்த இடத்தில் வணிகன், எளிய மக்கள் இருந்த இடத்தில் ஆண்டான் என்பதே கம்பெனியின் நடத்தை.

பண்டா, 1621

சாதிக்காயும் சாதிபத்திரியும் அன்று உலகிலேயே இந்தோனேசியாவின் பண்டா என்னும் சிறு தீவுக்கூட்டத்தில் மட்டும் விளைந்தன. அங்கே அரசர் இல்லை. ‘ஒராங் காயா’ எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் நிர்வகித்தனர். ஜாவா, மலாய் வணிகர்கள் கொண்டுவந்த அரிசியையும் துணியையும் நம்பியே தீவு வாழ்ந்தது. விளைச்சல் முழுவதையும் தனக்கே விற்க வேண்டும் என்று கம்பெனி எழுதி வாங்கிய ஒப்பந்தம் அவர்களைப் பட்டினியில் தள்ளும் ஒப்பந்தம். அவர்கள் பழைய வணிகர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் தொடர்ந்து விற்றார்கள். 1609-இல் கோட்டை கட்ட வந்த தளபதி வெர்ஹூஃப் அங்கே கொல்லப்பட்டார். அந்தப் படையணியில் இளம் கூனும் இருந்தார்.

1621-இல் கூன் ஆயிரத்து ஐநூறுக்கு மேற்பட்ட டச்சுக்காரர்களோடும் ஜப்பானியக் கூலிப்படையினரோடும் திரும்பி வந்தார். லோந்தோர் தீவு வீழ்ந்தது. ஒராங் காயாக்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிவீரர்கள் வாளால் வெட்டிக் கொன்றனர். ஊர்கள் எரிக்கப்பட்டன, மலைகளுக்கு ஓடியவர்கள் பட்டினியால் மடிந்தனர், பல நூறு பேர் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். சுமார் 15,000 என மதிப்பிடப்படும் மக்கள்தொகையில் தீவுகளில் எஞ்சியவர்கள் ஆயிரம் பேர் அளவே. ஒரு சமையல் பொருளின் விலைக்காக ஒரு மக்களினமே வேரோடு அழிக்கப்பட்டது. இதை இனப்படுகொலை என்றே சொல்ல வேண்டும். தப்பியோடிய சிலரின் வழித்தோன்றல்கள் கேய் தீவில் இரண்டு ஊர்களில் இன்னும் பண்டா மொழி பேசுகின்றனர். அந்த மொழியைப் பண்டாவில் பேசுவோர் இல்லை.

வெறுமையான நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டுக் கம்பெனியின் முன்னாள் ஊழியர்களுக்குத் தரப்பட்டது. வேலைக்கு அடிமைகளைக் கம்பெனியே கொண்டுவந்தது. விளைச்சலைத் தானே நிர்ணயித்த விலைக்கு வாங்கியது. பண்டாவின் ரன் தீவின் மீது உரிமை கோரிவந்த ஆங்கிலேயர், 1667-இன் பிரேடா உடன்படிக்கையில் அதைக் கைவிட்டனர். டச்சுக்காரர் மன்ஹாட்டனை அவர்களிடம் விட்டனர். கிராம்பிலும் இதே முறை கையாளப்பட்டது. அம்போன் பகுதி தவிர மற்றத் தீவுகளில் இருந்த கிராம்பு மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. 1770-இல் பியர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சுக்காரர் கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைக் கடத்திவரச் செய்து மொரீசியசில் நட்ட பிறகே இந்தத் தனியுரிமை ஆட்டம் கண்டது. கூனுக்கு 1893-இல் அவர் பிறந்த ஹோர்ன் நகரில் சிலை எழுப்பப்பட்டது. அதை அகற்றக் கோரும் குரல்கள் நெதர்லாந்திலேயே எழுந்துள்ளன.

சோழமண்டலக் கரை

நறுமணத் தீவுகளில் மக்கள் விரும்பி ஏற்ற பணம், இந்தியத் துணி. 1612-இல் கம்பெனி அதிகாரி ஹென்ட்ரிக் பிரௌவர் சோழமண்டலக் கரையை மொலுக்காத் தீவுகளின் இடக்கை என்று வருணித்தார். இங்குள்ள நெசவு இல்லாமல் அங்குள்ள கிராம்பு இல்லை என்பது அதன் பொருள். சாயவேரில் செஞ்சாயம் ஏற்றிய துணி, அவுரி தோய்த்த நீலத்துணி, எழுதுகோலால் வரைந்த சித்திரத்துணி எனத் தீவுக்குத் தீவு விருப்பம் மாறியது. எந்தத் தீவுக்கு எந்தக் கரை, எந்த நிறம் என்று பத்தாவியாவிலிருந்து மாதிரித் துண்டுகளோடு கட்டளை வரும்.

1605-இல் மசூலிப்பட்டினத்துக்கு வந்த கம்பெனி, 1608-இல் தேவனாம்பட்டினத்திலும், 1610-இல் வேலூரிலிருந்து ஆண்ட விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு பழவேற்காட்டிலும் அமர்ந்தது. 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. வெடிமருந்தும் அங்கே தயாராயிற்று. பண்டாவில் செய்ததை இங்கே செய்யக் கம்பெனிக்கு வலுவில்லை. மலையா என்று ஆவணங்கள் குறிக்கும் அச்சுதப்ப செட்டியும் அவர் குடும்பத்தாரும் கம்பெனிக்குத் துணி வழங்கினர். தம் சொந்தக் கப்பல்களையும் ஓட்டினர். நாயக்கர்களிடம் தூதும் போயினர். கம்பெனி வணிகருக்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் ஊர் ஊராகத் தறிக்காரருக்குக் கொடுப்பார். தரங்கம்பாடியில் டேனியர் (1620), சென்னையில் ஆங்கிலேயர் (1639), புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் (1674) எனப் போட்டி இருந்தவரை நெசவாளருக்குப் பேரம் பேச இடம் இருந்தது.

இந்தக் கரையிலிருந்து துணியோடு மனிதரும் ஏற்றுமதியாயினர். பஞ்சமும் போரும் வந்த காலங்களில், தம்மையும் பிள்ளைகளையும் விற்றுப் பிழைக்க வேண்டிய நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, ஆயிரக்கணக்கானோரைக் கம்பெனி வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பியது. பழவேற்காட்டின் கல்லறைத் தோட்டத்தில் டச்சு வணிகரின் பெயர்கள் அழகாகச் செதுக்கப்பட்டு நிற்கின்றன. கப்பலேறிய அந்த ஏழைகளுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த கம்பெனி, 1690-இல் கரையின் தலைமையகத்தை அங்கே மாற்றியது. இலங்கையில் கண்டி அரசர் இரண்டாம் இராசசிங்கனோடு 1638-இல் உடன்பாடு செய்துகொண்டு, கொழும்பை 1656-இலும் யாழ்ப்பாணத்தை 1658-இலும் கைப்பற்றி, அவருக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டது. கறுவாவே அதற்குக் காரணம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை 1707-இல் தேசவழமைச் சட்டமாகத் தொகுப்பித்ததும் கம்பெனி ஆட்சியே. அச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

தேய்வும் முடிவும்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் நாட்டம் நறுமணப் பொருளிலிருந்து துணி, தேயிலை, காப்பிக்கு மாறியது. இவற்றில் கம்பெனிக்குத் தனியுரிமை இல்லை. கோட்டைகளின் செலவு பெருகியது. ஊழியர்களின் கள்ள வணிகம் இலாபத்தை அரித்தது. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா கம்பெனிப் படையைத் தோற்கடித்தார். சிறைப்பட்ட தளபதி டி லனாய் பின்னர் அம்மன்னரின் படையையே பயிற்றுவித்தார். ஆங்கிலேயருடனான நான்காம் போர் (1780–84) கம்பெனியின் முதுகெலும்பை முறித்தது. 1781-இல் நாகப்பட்டினம் போயிற்று. 1796-இல் கடனோடு கம்பெனியை அரசு ஏற்றது. இரு நூற்றாண்டுகளில் கம்பெனிக் கப்பல்களில் கிழக்கே வந்தவர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். அவர்களில் பாதிப்பேர்கூட ஊர் திரும்பவில்லை.

கம்பெனி விட்டுச் சென்ற சுமார் இரண்டரைக் கோடிப் பக்க ஆவணங்கள் தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை ஆகிய நகரங்களில் உள்ளன. 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இவை இடம்பெற்றன. சென்னை எழும்பூரில் இருப்பவை பெரும்பாலும் கொச்சியின் மலபார் நிர்வாகத்தைச் சேர்ந்தவை. பழவேற்காடு, நாகப்பட்டினம் கடிதங்களைத் தி ஹேக்கில்தான் தேட வேண்டும். பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ் நெசவாளர்களையும் வணிகர்களையும் பஞ்சங்களையும் பற்றி ஆண்டுவாரியாகப் பேசும் இவ்வளவு பெரிய சான்றுத் தொகுதி அரிது. நம் பல்கலைக்கழகங்கள் வரலாற்று மாணவர்களுக்குப் பழைய டச்சு மொழியைக் கற்பிக்க முன்வர வேண்டும்.