மடத்துச் சந்திகள்

யாழ்ப்பாணத்து பஸ்களில் கொண்டக்டர் கூவும் பெயர்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்: கந்தர்மடம், மருதனார்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம். வழிப்போக்கர் இளைப்பாறிய மடங்கள் கொடுத்த பெயர்கள் இவை. கட்டடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பெயரை ஊர் விடவில்லை. கந்தர்மடத்துக்குப் பக்கத்தில் சின்ன லொட்ஜ் ஒன்று நடத்துகிறவன் நான். நான் காசுக்குச் செய்வதை அந்த மடத்துக்காரர்கள் தருமமாகச் செய்தார்கள்.

மடம் என்றால் எப்படி இருந்தது என்று கண்ணால் காண விரும்புகிறவர்கள் பருத்தித்துறைத் தெருமூடி மடத்துக்குப் போகவேண்டும். தும்பளைப் பக்கம் போகிற வீதியையே மூடிக்கொண்டு நிற்கிறது அது. நடுவில் வாகனங்கள் போகின்றன; இரண்டு பக்கமும் உயர்த்திக் கட்டிய கல் திண்ணைகள், கற்றூண்கள், மேலே கூரை. சித்திரை வெயிலில் அந்தத் திண்ணையில் கையை வைத்தால் கல் குளிர்ந்திருக்கும். வெயிலில் வந்தவன் ஒதுங்க வழி தேடவேண்டாம்; அவன் நடக்கிற தெருவே அவனை நிழலுக்குள் கொண்டுவந்து விடுகிறது. கட்டியவருடைய மனம் அதில் தெரிகிறது. பழைய வழிகளில் மடத்தோடு ஒரு கேணி, தலைச்சுமையை ஒருவர் துணையின்றி இறக்கி வைக்கும் உயரத்தில் ஒரு சுமைதாங்கி, மாடுகள் உடம்பு தேய்க்க ஒரு ஆவுரோஞ்சிக்கல் என்று எல்லாம் சேர்ந்தே இருந்தன. மாட்டின் தினவுக்கும் கல் நட்ட ஊர் இது.

செலவுக்கு வழி? காணியோ வயலோ பனந்தோப்போ மடத்தின் பெயருக்குத் தரும சாதனம் எழுதி வைப்பார்கள். அதன் வருமானத்தில் விளக்கும் தண்ணீரும், வேனிலில் மோரும் ஊறுகாய்த் தண்ணியும் நடக்கும். பயணிக்கென்று ஒதுக்கிய இந்த வளம், ஊருக்குக் கேடு வந்த நாளில் ஊருக்குத் திரும்பியது. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

வந்தவருக்குச் சோறிடும் வழக்கம் கோயில்களிலும் உண்டு. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் அந்தத் தீவுதான் என்று கொள்வோர் பலர். அந்தப் பாத்திரத்தோடு அவள் புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பிறகு பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்குப் போய்ச் சோறிட்டாள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் அதே வழக்கம்தான். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் புறப்படும் அந்தக் கோயிலின் முருகனை அன்னதானக் கந்தன் என்றே அழைக்கிறோம்.

1876இல் தொடங்கிய பஞ்சம் இந்த வழக்கத்துக்கு வந்த பெரிய சோதனை. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்த அதே காலம். யாழ்ப்பாணத்தில் பஞ்சத்தோடு பேதியும் சேர்ந்துகொண்டது. ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி வைத்தார். ஊராரிடம் பொருள் திரட்டி ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். அதோடு நிற்காமல், மக்கள் பசியில் கிடக்க அரச அதிபர் துவைனம் கடமையைச் செய்யவில்லை என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். நாவலர் மறைந்தது 1879இல். ஆக, அது அவருடைய கடைசி ஆண்டுகளின் வேலை. உரைநடைக்கும் பதிப்புக்கும் அவரைப் போற்றும் நாம், கஞ்சித்தொட்டியை இன்னும் சற்று உரத்துச் சொல்லவேண்டும். தருமம் செய்கிறவன் அதிகாரியைக் கேள்வி கேட்கக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை.

பிறகு வந்த சோதனைகள் எங்கள் காலத்தவை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே போரால் மழையில் பெயர்ந்து நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, கோயில், பள்ளிக்கூடம், வீட்டு விறாந்தை எல்லாம் மடமாயின. 2004 டிசம்பர் 26 சுனாமி மணற்காடு, உடுத்துறை, மருதங்கேணிக் கரையை அடித்துக்கொண்டு போன மறுநாளே ஊரூராகச் சோற்றுப் பார்சல் கட்டினார்கள். போர் முடிந்த 2009ஐ நினைக்க இன்றும் மே மாதத்தில் தெருவில் கஞ்சி வார்க்கிறோம்.

அதே 2009இன் பின் ஏ9 வீதி திறந்தது, 2014இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு வருகிறவர்களும் வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிற எங்கள் ஆட்களும் பெருக, வீடுகள் லொட்ஜுகளாயின. எங்களுடையதும் அப்படி வந்ததுதான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தீவை உலுக்கியது. யாழ்ப்பாணத்தில் வெள்ளம், மலையகத்தில் மண்சரிவு, நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள். பதிவுகள் ரத்தாயின. காலியிலிருந்து குடும்பத்தோடு வரவிருந்த ஒரு ஐயா அழைத்து, முற்பணத்தைத் திருப்ப வேண்டாம், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுங்கள் என்றார். அதிலிருந்து தொடங்கினோம். வந்து தங்கிய ஒவ்வொரு அறையின் வாடகையிலும் ஒரு பங்கை எடுத்து வைத்தோம். விருந்தினர் தந்ததையும் சேர்த்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி மேசையில் விரித்து வைத்தோம். லண்டனிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். “தம்பி, இது ஆருக்குப் போகுது?” என்று கேட்டார். பதுளைப் பக்கத் தோட்டக் குடும்பங்களுக்கு என்றேன். பற்றுச்சீட்டை ஒட்டி வை, அடுத்த முறை வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் காசை எண்ணினார். அவர் கேட்டது நியாயம். சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் வந்த பணம் எங்கே போனது என்ற சந்தேகம் இன்னும் மக்கள் மனதில் கிடக்கிறது. கணக்கு இல்லாத தருமத்தை நான் நம்புவதில்லை.

திரண்டது பெரிய தொகை அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, சில வீடுகளுக்குப் பாய், பானை சட்டி. ஆனால் இரண்டு மூன்று அறை வைத்திருப்பவர்களே இன்று குடாநாட்டில் எத்தனையோ பேர். அவர்களிடம் கேட்பது இதுதான்: ஐப்பசி மழை தொடங்குமுன் ஆளுக்கொரு சிறு தொகையைப் பேரிடருக்கென்று ஒதுக்கி வையுங்கள், கொப்பியை விருந்தினர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வந்து தங்குகிறவர்களே, அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.