மச்சினன் கணக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் நாகமலை புதுக்கோட்டை தெருக்கோயில் திருவிழாக் கணக்கை நான் தணிக்கை செய்ய மறுத்தது உறவுக்குள் பெரிய பேச்சாகிவிட்டது. பொருளாளர் என் மனைவியின் தம்பி. "என்ன மாமா, என் மேலயே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். வீட்டிலும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. போன வருடம் நான்தான் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு ரசீதைக்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. காப்பி வந்தது, குடித்தேன், போட்டேன். தப்பு என்னுடையது.

உங்களுக்கு நான் உத்திரமேரூரை நடத்தியது நினைவிருக்கும். குடவோலை, முப்பது குடும்பு, வயது 35 முதல் 70 வரை. பரீட்சைக்கு அவ்வளவு போதும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் முதலாம் பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் (கி.பி. 919, 921) எனக்கு இப்போது பெரிதாகப் படுவது தேர்தல் அல்ல, கணக்கு.

ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவனோடு நிற்கவில்லை. அவன் அப்பா, மகன், உடன்பிறந்தவன், சித்தப்பா பெரியப்பா, தாய்மாமன், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன், அக்காள் தங்கை புருஷன், அவர்கள் பிள்ளைகள், மனைவியின் உடன்பிறந்தவன் எல்லோருக்கும் தடை. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை மாதிரி நீள்கிறது பட்டியல்! உறவு எந்த வழியாகவெல்லாம் உள்ளே வரும் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

கணக்கனுக்குத் தனி விதி. நேர்வழியில் பொருள் ஈட்டியவன்தான் கணக்கு எழுதலாம். தன் காலத்துக் கணக்கைப் பெரிய வாரியத்தாரிடம் காட்டி, சுத்தமானவன் என்று அவர்கள் சொன்ன பிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவன் எழுதிய கணக்கை அவனேதான் ஒப்படைக்க வேண்டும். முடித்துக் கொடுக்க வேறு கணக்கனைக் கொண்டுவரக் கூடாது. குடத்து ஓலையை வாங்குபவர்கூட ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம்.

அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கு மட்டும். இதை மறைத்துவிட்டு "அன்றே ஜனநாயகம்" என்று பெருமை பேச எனக்கு இஷ்டமில்லை. வகுப்பில் பேசியிருக்கிறேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்துக்கு வருவோம். 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ் ஆடிட்டர்கள் வருடா வருடம் கையெழுத்திட்ட கணக்கு அது. 2013 கம்பெனிச் சட்டம், பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. தணிக்கை செய்யும் கம்பெனிக்கே கணக்கு எழுதிக் கொடுப்பதையும் தடுத்தது. இயக்குநரின் நெருங்கிய உறவினர் ஆடிட்டராக முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் மச்சினன் இல்லை. உத்திரமேரூரில் இருக்கிறான்!

மச்சினன் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் பத்து ரூபாய் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் வரி கொடுத்த தெருக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? என் கையெழுத்தைப் பார்த்துத்தானே அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? அவர் வீட்டில் சாப்பிட்டு வந்து போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

நோட்டு இப்போது அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரிடம் இருக்கிறது. போன வருடக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பந்தல்காரர் ரசீது ஒன்றைக் காணோம் என்று நேற்று ஆள் அனுப்பினார். மச்சினனும் நானும் பழைய பெட்டியைக் கொட்டித் தேடிக்கொண்டிருக்கிறோம். பேச ஆரம்பித்துவிட்டார்.