சாட்டூரியா: நோன்பு திறக்கும் நேரத்தில் வந்த காற்று

வங்காள தேசத்தின் இயற்கை அழிவுகள் என்றதும் 1970 நவம்பரில் போலாப் பகுதியைத் தாக்கிய சூறாவளிதான் முதலில் நினைவுக்கு வருகின்றது. சுமார் மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டுபோன அழிவு அது. அதே நாட்டின் சாட்டூரியா என்ற சிற்றூரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

டாக்காவுக்கு மேற்கே மானிக்கஞ்ச் மாவட்டத்தில் உள்ளது சாட்டூரியா. 1989 ஏப்ரல் 26, ரமழான் மாதம். பல மாதங்களாக மழையில்லாமல் நிலம் வரண்டு கிடந்தது. மாலை 6.30 மணியளவில், நோன்பு திறக்கும் நேரத்தில், சுழல்காற்று இறங்கியது. தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளின் ஊடாக அது ஓடியது. சுமார் 1,300 பேர் மௌத்தானார்கள். காயப்பட்டவர்கள் 12,000 பேர், வீடிழந்தவர்கள் 80,000 பேர் அளவில்.

இதைச் சூறாவளி என்று சொல்லி விட்டால் விடயம் விளங்காது. சூறாவளி கடலில் உருவாகும், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகன்றிருக்கும், வருவது முன்கூட்டியே தெரியும். டொர்னாடோ இடிமேகத்திலிருந்து தொங்கும் காற்றுத் தூண். சில நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். நமது பத்திரிகைகள் 'மினி சூறாவளி' என்று எழுதுவதைப் பார்த்து, இது சின்ன விசயமாக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

வங்காளத்தில் பருவமழைக்கு முன் வரும் இடிப்புயலைக் 'கால்பைசாகி' என்பார்கள். வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வரண்ட காற்றும் சந்திக்கும் காலம் அது. அத்தகைய புயல்களிலிருந்துதான் இந்தச் சுழல்காற்றுகளும் பிறக்கின்றன. 1996 மே 13இல் டங்காயில் பகுதியிலும் நூற்றுக்கணக்கானோர் இப்படித்தான் இறந்தார்கள். ஏழைகளின் வீடு மண்ணும் மூங்கிலும் தகரமும். காற்றில் பறக்கும் கூரைத் தகரம் வாளைப் போல வெட்டும். சூறாவளிக்கென்று அந்நாட்டில் 1972 முதல் தொண்டர் அமைப்பு இயங்குகின்றது. ஒதுங்குவதற்குக் கட்டடங்களும் உண்டு. சாட்டூரியா மக்களுக்கு ஒதுங்கவும் நேரம் இருக்கவில்லை.

உலக வானிலை அமைப்பு 2017இல்தான் இதனை, பதிவான டொர்னாடோக்களுள் அதிக உயிர்களைப் பறித்தது என அறிவித்தது. இடையில் 28 வருடங்கள். அந்த 1,300 என்பதும் மதிப்பீடே. ஒரு சிற்றூர் முழுதாகச் சிதறும்போது கணக்கெடுக்க வேண்டியவர்களும் இடிபாட்டுக்குள் கிடப்பார்கள். ஜனாஸாக்களை அடக்குவதே பெரும்பாடாகும்போது பேர்களை யார் எழுதி வைப்பது?

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கியது சூறாவளிதான், டொர்னாடோ அல்ல. ஆனால் நினைவு அழியும் விதம் ஒன்றுதான். 'சூறாவளி அடிச்ச வருசம்' என்று எங்கட மூத்தவங்க இன்றும் காலக்கணக்குச் சொல்லுவாங்க. யார் வீட்டுக் கூரை போனது, எந்தப் பள்ளிவாசலில் ஒதுங்கினார்கள், எந்தத் தென்னந்தோட்டம் சாய்ந்தது, யாரை எங்கே அடக்கினார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய வாயில்தான் இருக்கின்றது. அன்று 20 வயதில் இருந்தவர்கள் இன்று 65ஐத் தாண்டிவிட்டார்கள்.

மாவட்டக் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கும். மஹல்லாவின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு கொப்பியோடு போய்க் கேட்டாலே போதும். முதலில் பேர்களை எழுதட்டும். எண்ணிக்கையை அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்.